வேலாயியும் நான்காம் வேற்றுமையும்

1879ஆம் ஆண்டு ஆனி மாதம் பதினான்காந் திகதி, இலண்டனில் அச்சான தத்துவ சஞ்சிகையொன்று கண்டித் தபாற்கந்தோரிலிருந்து என் கைக்கு வந்து சேர்ந்தது. ஹேவாஹெட்டைக் கோப்பித் தோட்டமொன்றைச் சேர்ந்த வேலாயி என்னும் பெண், நடக்கவிருந்ததை நடக்குமுன்னரே அறிந்தவள் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அது பொய். அந்தப் பொய்க்குச் சான்றாளனாக, கண்டியிலே தமிழிலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற பொன்னுத்துரை உபாத்தியாயராகிய என்னுடைய பெயரும் காட்டப்பட்டிருக்கிறது. இதுவே என் முறைப்பாடு.

நான் சொன்னவற்றைத் திரித்திருந்தால் வழக்காடியிருப்பேன். ஒரு சொல்லும் திரிக்கப்படவில்லை. எல்லாம் சொன்னபடியே இருக்கின்றன. அவற்றால் நிறுவப்பட்டதாகக் கூறும் முடிபு மட்டுமே பொய். முதற்பக்கத்தின் மேற்புறத்தில் ‘என் ஆசிரியருக்கு’ என்று தமிழிலே கையால் எழுதி, கட்டுரையாளர் அன்போடு அனுப்பியிருக்கிறார். ஒற்றுப் பிழை ஒன்றேனும் இல்லை.

கட்டுரையாளர் பேராசிரியர் அபர்நெதி. ஸ்கொத்லாந்திலே ஒரு சர்வகலாசாலையில் தருக்கமும் ஒழுக்க தத்துவமும் போதித்தவர். காலம் பொருள்களில் இல்லை, அவற்றைக் காணும் மனத்தின் பழக்கமே காலம், பழக்கமென்றால் அதற்குக் கட்டுப்படாத மனங்களும் எங்கேனும் இருத்தல் கூடும் என்பது அவருடைய கொள்கை. அத்தகைய மனமொன்றைத் தேடி இருட்டறைகளிலே ஆவி அழைப்போரோடு உட்கார்ந்திருக்கிறார். மேசையை முழங்காலால் தூக்கியவர்களைக் கையும் மெய்யுமாகப் பிடித்தவரும் அவரே. உடன் போதித்தவர்கள் நகைத்தார்கள், நெஞ்சிலே நோயும் வந்தது. ஹேவாஹெட்டையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த தம்பியின் அழைப்பில் இங்கு வந்து, கண்டியிலே குளத்துக்கு மேலான குன்றில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தார். தமிழ் கற்பிக்க என்னை அழைத்தார்.

மாணாக்கராக அவரைப்போல் ஒருவரை நான் கண்டதில்லை. ‘தெரியும்’, ‘தெரியாது’ என்னும் வினைகளுக்கு அறிபவர் எழுவாயாக வருவதில்லை, ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என நான்காம் வேற்றுமை ஏற்றே நிற்பார் என்று நான் விளக்கிய நாளில் அவர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார்.

“அப்படியானால் உங்கள் மொழியில் அறிதல் மனிதன் செய்யும் செயல் அன்று! அறிவு அவனுக்கு வந்து சேர்கிறது!” என்றார் ஆங்கிலத்தில்.

அன்றுமுதல் பங்களாவில் எவர் ‘தெரியாது’ என்றாலும், “யாருக்கு?” என்று தமிழில் கேட்பது அவருக்கு விளையாட்டாயிற்று. சமையற்காரன் வீரய்யா, “உப்புப் போத்தல் எங்க கெடக்குன்னு தெரியாது தொரை” என்பான்.

“யாருக்கு?”

“எனக்குத்தான். உப்புக்கா தெரியும்?”

இனி, வேலாயி.

1877 ஐப்பசியில் மழை ஓயாமல் பெய்தது. தம்பியாரின் தோட்டத்தில், மேல்மலையையும் கோப்பிப் பழம் உரிக்கும் ஆலையையும் பிரித்தோடிய ஓயா என்னும் சிற்றாற்றின் மேல் மரக்குற்றிகளால் ஆன பாலம் ஒன்று இருந்தது. பழக்கூடையோடு சரிவில் இறங்கிய வேலாயி, மேலிருந்து வந்த பெருமரம் ஒன்று பாலத்தின் காலில் மோதுவதையும் பாலம் ஆடுவதையும் கண்டாள். கூடையைப் போட்டுவிட்டு, “போச்சு! போச்சு! பாலம் போச்சு!” என்று கூவினாள்.

ஆலையிலிருந்த கணக்கப்பிள்ளை ஓடிவந்து பார்த்தார். பாலம் நின்றது. வேலாயியைத் திட்டிவிட்டு உள்ளே போனார். எதிர்க்கரையிலிருந்து சாக்கோடு வந்த கறுப்பையா என்னும் இளைஞன், “போன பாலத்துல நடந்து காட்டவா அண்ணி?” என்று கேட்டுச் சிரித்தபடியே கடந்தான். மத்தியானச் சோற்றுக்குப்பின் அவன் மறுபடியும் கடந்தபோது பாலம் விழுந்தது. அவன் உடல் மகாவலியில் எடுக்கப்பட்டது.

“அவ வாயில விழுந்தது ஆத்துல விழுந்துச்சு” என்று கறுப்பையாவின் தாய் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. மாலைக்குள் வேலாயி கருநாக்குக்காரி ஆனாள். அவள் தங்கள் வரிசையில் நின்றால், காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் வரமாட்டோம் என்று கூட்டத்தார் கங்காணியிடம் சொன்னார்கள். அவளுடைய ஒரே பிள்ளை மூக்காயியை மாமியார் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கணவன் இருளப்பன் வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்தான்.

கணக்கப்பிள்ளையோ, பாலம் நின்றுகொண்டிருந்த வேளையில் ‘பாலம் போய்விட்டது’ என்று அவள் சொன்னதாகத் தம்பியாரிடம் ஆங்கிலத்தில் கூறினார். தம்பியார் தமையனாரிடம் கூறினார். பேராசிரியர் மறுநாளே வண்டியோடு போய், அவளைக் காப்பதற்கும் ஆராய்வதற்குமாகக் கண்டிக்கு அழைத்துவந்தார். காப்பதற்கு என்றதும் மெய்யே.

முதல் விசாரணையில் நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் அவளுக்குக் கதிரையைக் காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“நீ கூவின நேரத்திலை பாலம் எங்கை இருந்தது பிள்ளை?”

“அங்கனதாங்க இருந்துச்சு.”

“இருந்ததெண்டால், போச்சு எண்டு ஏன் சொன்னனீ?”

அவள் பேராசிரியரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “வாத்தியாரய்யா, இவுக ஊருல பானை கை நழுவுனா, தரையில பட்டு ஒடையிற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டா நிப்பாக?”

மொழிபெயர்த்தேன். ‘நழுவும்போதே உடைவை அறிகிறாள்’ என்று எழுதி அவர் கீழே கோடிட்டார்.

நான் பொறுக்கவில்லை. தமிழில் இறந்தகால வினை எதிர்காலப் பொருளில் வருவது வழுவன்று, அது கால வழுவமைதி, இலக்கணகாரர் அதற்கு இடங்கொடுத்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின என்றேன். சான்று காட்டுமாறு கேட்டார். “வீரய்யா!” என்று கூப்பிட்டேன்.

“இந்தா வந்துட்டேங்க!” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை.

“வந்துவிட்டான் என்கிறான், ஐயா. எங்கே அவன்?”

மீண்டும் கூப்பிட்டேன். “அதான் வந்துட்டேன்னு சொன்னேன்ல! வந்துக்கிட்டு இருக்கேன்!”

வேலாயி சிரித்தாள். “இவரையும் கதிரையில ஒக்கார வையிங்க தொரை. நாள் பூரா முன்னாடியே வந்துடுறாரு.”

பேராசிரியரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வழக்கு முடிந்ததென்று எண்ணினேன். சிரிப்பு அடங்கியபின் கேட்டார்: “எந்தக் காரணங்கள் பற்றி உங்கள் இலக்கணகாரர் இதற்கு இடங்கொடுத்தார்கள்?”

“விரைவு பற்றி. தெளிவு பற்றியும்.”

“தெளிவு.” எழுதுகோலை எடுத்தார். “இன்னும் நடவாத ஒன்றைப்பற்றி ஒருவருக்குத் தெளிவு எங்கிருந்து வரும், மிஸ்டர் பொன்னுத்துரை? உங்கள் முன்னோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.”

நான் கொண்டுபோன திறப்பு அவருடைய பூட்டுக்குள் நுழைந்து மறுபக்கமாகத் திரும்பிற்று. கட்டுரையில் என் பெயர் வரும் இடம் இதுதான்.

அதன்பின் சோதனைகள். அலுமாரியில் படங்களை வைத்துப் பூட்டி, எந்தப் படம் வெளியே வரும் என்று கேட்பார். யானை வருமென்றாள், தேவாலயம் வந்தது. அது சோர்வு என்று எழுதினார். தற்செயலாகக் கப்பல் என்றாள், கப்பலே வந்தது. அது சித்தி. “தெரியலைங்க” என்றாள். அது மறைப்பு. வாய் திறவாதிருந்தாள். மௌனத்தைப்பற்றி அவர் இரண்டு பக்கம் எழுதினார். தருக்கம் போதித்தவரிடம், எந்த விடை வந்தால் அவள் சாதாரணப் பெண் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டேன். “நல்ல கேள்வி” என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

பங்களாவின் கதவுக்குப் பூட்டு இருந்ததில்லை. நல்ல சோறும் கம்பளியும் கொடுத்தார்கள். கடுஞ்சொல் ஒன்றும் எழுந்ததில்லை. ஆனால் எங்கே போவாள்? கடன் தீர்ந்ததென்று கங்காணி எழுதிக்கொடுக்கும் விடுதலைத் துண்டு இல்லாதவளை வேறெந்தத் தோட்டமும் பெரட்டில் நிற்கவிடாது. அவளுடைய கூட்டத்தார் குடியிருந்த லயமும் சேர்க்காது. குளத்தைச் சுற்றி நடந்து மீண்டும் பங்களாவுக்கே வருவாள். மலைகள் நாற்புறமும் இருக்கும் ஊரில், எந்தப் பக்கம் நடந்தாலும் ஏறவேண்டும்.

ஒருநாள் விராந்தையில் என்னை மறித்தாள்.

“வாத்தியாரய்யா, ‘போச்சு’ன்னா முன்னாடியே தெரிஞ்சிருக்குங்கிறாரு. ‘போகும்’னா சோசியங்கிறாரு. ‘போகுது’ன்னா இங்கன இருந்து அங்கன நடக்கிறது தெரியுதாங்கிறாரு. அப்ப நான் எந்தக் காலத்துலதான் பேசுறது?”

தமிழுக்குக் காலம் மூன்று. நான்காவதை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. “பாப்பம் பிள்ளை. நான் போட்டு வாறன்” என்று குடையை எடுத்தேன்.

“பாருங்க, போறவரு வாறன்னு சொல்றாரு. தொரையக் கூப்புடுங்க, எழுதிக்கட்டும்!” என்று சிரித்தாள். அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

தைமாதத்தில் இருளப்பன் வந்தான். விராந்தைக்குக் கீழே, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

“லயத்துல பேசி முடிச்சிட்டாங்கய்யா. தொரைதான் இத்தன நாளாச் சோதிச்சுப் பாத்தாருல்ல? அவரே பெரட்டுக்கு வந்து, எல்லாருக்கும் முன்னாடி, ‘இவளுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சேத்துக்கிறோங்கிறாங்க. கறுப்பையா ஆத்தாளும் சரின்னுட்டா.”

“புள்ள என்னைக் கேக்குதா?” என்றாள் வேலாயி.

“மொதல்ல கேட்டுச்சு. இப்பக் கேக்க மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு.” தலையைக் குனிந்துகொண்டு, “அம்மா வந்துட்டான்னு சொல்லிப்புட்டுத்தான் பொறப்பட்டேன்” என்றான்.

“வாயை மூடுய்யா. உள்ள இருக்கிறவரு காதுல விழுந்தா ஒன்னையும் பிடிச்சு வச்சுக்குவாரு.”

நான் உள்ளே போய்ப் பேராசிரியரிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு வாக்கியம். ஒரு தாய் தன் பிள்ளையிடம் போக ஒரு வாக்கியம்.

அவர் எழுந்து சன்னலருகே போனார். அங்கே நின்றபடி தம் மனைவியைப்பற்றிச் சொன்னார். ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அந்த அம்மையார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மகன் பெயரைச் சொல்லி, வில்லியத்துக்குக் குளிர்கிறது என்றாராம். மகன் அப்போது கப்பலில் இருந்தான். கடலில் எல்லாருக்கும் குளிரும் என்று இவர் சிரித்தபடி விளக்கம் கூறினாராம். அதே காலையில் மகன் மூழ்கியதாகப் பின்னர் செய்தி வந்தது. அம்மையார் இவரோடு வாதாடவில்லை. இறக்கும்வரை பேசவுமில்லை.

இவையெல்லாம் ஆங்கிலத்தில். ‘வில்லியத்துக்குக் குளிர்கிறது’ என்பதை மட்டும் அவர் தமிழில் சொன்னார். வேற்றுமை உருபு சரியாக இருந்தது.

“ஒரு பெண் சொன்னதை நான் ஒருமுறை விளக்கித் தள்ளிவிட்டேன். இரண்டாம் முறை என்னால் முடியாது.”

“ஐயா, பெண் சொல்வதை நம்ப விரும்பினால், தனக்குத் தெரியாது என்று இந்தப் பெண் சொல்கிறாளே, அதை நம்புங்கள்.”

அவர் முகம் ஒரு கணம் மாறிற்று. அந்தக் கணத்தில் அவள் லயத்துக்குப் போய்விட்டாள் என்றே எண்ணினேன்.

“தெரிந்தவருக்கு, தமக்குத் தெரியும் என்பது தெரியாமலும் இருக்கலாம்” என்றார்.

எனினும் பெரட்டுக்கு வர ஒப்பினார். பொய் சொல்லமாட்டார். தாம் அறிந்த மெய்யை மட்டும் சொல்வார். அந்த மெய் என்ன என்று கேட்டேன். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: தாம் அறியார் என்பதே. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மூன்று சொற்கள் தமிழில் என்னவாகும் என்று வண்டியில் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

பனி விலகாத காலை. ஆட்களை அழைக்கும் தப்பு அடித்து ஓய்ந்தது. வரிசைகள் நின்றன. பின்னால் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நோய் தூளாகப் படிந்திருந்தது. கங்காணி முன்னால், கறுப்பையாவின் தாய் ஓரத்தில். இருளப்பன் மூக்காயியைக் கையில் பிடித்திருந்தான். வேலாயி எனக்குப் பக்கத்தில் நின்றாள். எட்டி நின்ற பிள்ளையை நோக்கி அவள் கையை நீட்டவில்லை. நீட்டினால் அதையும் எவராவது எதற்காவது எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தாள்.

பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார். மூன்று சொற்களையும் தெளிவாகச் சொன்னார்.

நான் வரிசைகளை நோக்கி, உரத்து, ஒரே சொல்லாக மொழிபெயர்த்தேன்: “தெரியாது.”

இலக்கணம் அறிந்த எவரும் இதைப் பிழையென்று சொல்லட்டும், கேட்கிறேன். ‘தெரியாது’ என்பது நிறைவான வினைமுற்று. அறிபவரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று விதியில்லை. இடத்தால் உணரப்படுமாயின் வேற்றுமைச் சொல் தொக்கு நிற்கலாம். பேராசிரியர் சொன்னதும் அதுவே. கேட்டவர்கள் உணர்ந்ததும் அதுவே, அவரவர் இடத்தால்.

“தெரியாதாம்ல!” என்றாள் ஒரு கிழவி.

“அதான் தொரையே சொல்லிட்டாரே, ஒண்ணும் தெரியாதுன்னு.”

கங்காணியின் தோள்கள் இறங்கின. கறுப்பையாவின் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். இருளப்பன் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்து, “அந்தா பாரு, அம்மா” என்றான். வேலாயி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

என் சட்டைக் கையை எவரோ தொட்டார். திரும்பினேன். பேராசிரியர் புன்னகை செய்துகொண்டிருந்தார். வீரய்யாவோடு விளையாடும்போது செய்யும் அதே புன்னகை.

“யாருக்கு?” என்றார்.

நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்றேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். நான் தடுமாறுகிறேன் என்று எண்ணி உதவி செய்தார். வரிசைகளை நோக்கித் திரும்பி, குரலை உயர்த்தி, அவரே தமிழில் சொன்னார்:

“எனக்கு. எனக்குத் தெரியாது.”

உருபு சரி. உருபின்பின் ஒற்று மிகுந்திருந்தது. நான் கற்பித்தபடியே.

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “தொரைக்கே தெரியாதாமே.”

“அப்ப அவளுக்கு?”

வரிசை பின்னடைந்தது. கறுப்பையாவின் தாய் தரையிலே துப்பினாள். இருளப்பனின் தாய் வந்து, அவன் தோளிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். வேலாயி எடுத்து வைத்த அடி அங்கேயே இருந்தது. முன்னும் வைக்கவில்லை, பின்னும் வைக்கவில்லை.

“அவளுக்கு! வேலாயிக்குத் தெரியாது!” என்று நான் கத்தினேன்.

கங்காணி என்னை மரியாதையோடு பார்த்தார். “நீங்க சொல்லி என்ன செய்யிறதுங்கய்யா? ஒங்களுக்குப் பேருலதான் தொரை.”

திரும்பும் வழியில் பேராசிரியர் முன்வண்டியில் போனார். நானும் வேலாயியும் பின்வண்டியில். பள்ளத்தாக்கு மறையும் வளைவில் அவள் பேசினாள்.

“நீங்க ஒரு சொல்லை முழுங்குனீங்க. கண்டேன். அவரு குனிஞ்சு பொறுக்கி எடுத்துக் குடுத்துட்டாரு.”

வளைவு கடந்ததும் மீண்டும் அவளே சொன்னாள்:

“நல்ல மனுசன்தான். கெட்டவனா இருந்திருந்தா இந்நேரம் புள்ளகிட்டப் போயிருப்பேன்.”

அதற்குப்பின் வேலாயி பெரும்பாலும் பேசுவதில்லை. கோப்பி நோயில் தம்பியாரின் தோட்டம் அழியவே பேராசிரியர் கப்பலேறினார். வேலாயி இப்போது கண்டியிலே ஒரு கோப்பிக் களஞ்சியத்தில் கொட்டை பொறுக்குகிறாள். கேட்டதற்குக் கையாலும் தலையாலும் விடை சொல்வாள். கைக்கும் தலைக்கும் காலம் இல்லை. அங்கும் அவளை விடுவதாயில்லை. சஞ்சிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கனவான்கள் வந்து பார்க்கிறார்கள். கோப்பிக்கு மீண்டும் காலம் வருமா என்று வியாபாரி ஒருவர் கேட்டாராம். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனாளாம். அதைச் சகுனமாகக் கொண்டு அவர் தம் சரக்கை விற்றுவிட்டார்.

இருளப்பன் மாதமொருமுறை வருவான். போனமுறை, தோட்டத்துச் செடிகளைப் பிடுங்குகிறார்கள் என்றான். ஆடி பிறந்ததும் கங்காணி தம் கூட்டத்தைக் கம்பளைக்கு அப்பால் வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோகிறாராம். அங்கே கறுப்பையாவை அறிந்தவர் இல்லை. பாலத்தை அறிந்தவர் இல்லை. ஆனால் கூட்டம் இந்தக் கதையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போகும், கதை முன்னே போய் இறங்கும். போகுமுன் அதை அவிழ்த்துவிட்டால் வேலாயி அவர்களோடு போகலாம். என் ஒரு வாய் போதாது என்று கங்காணி சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. நாலு வாய் சொன்னால் சொல் ஏறும். கருநாக்கு என்ற சொல்லும் அவ்வாறே ஏறியது.

ஆகவே, இதை வாசிக்கும் உங்களிடம் கேட்கிறேன். இன்று காலையிலிருந்து, எழும்பாமலே “வந்துவிட்டேன்” என்று எத்தனைமுறை சொன்னீர்கள்? போகும்போது “வாறன்” என்று சொல்லித்தானே வாசலைக் கடந்தீர்கள்? உங்களை எவரும் கதிரையில் இருத்தவில்லை. உங்கள் பிள்ளையை எவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நீங்கள் வண்டிக்காரரானாலும், துணி விற்பவரானாலும், கோயிலுக்குக் காவடி கொண்டு போகிறவரானாலும், ஆடி பிறக்குமுன் ஹேவாஹெட்டைக்கு ஏறுங்கள். அந்த லயத்தின் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்க, வேற்றுமை உருபை விழுங்காமல், ஒற்றை விடாமல், உரத்துச் சொல்லுங்கள்: வேலாயிக்குத் தெரியாது.